இடது பக்கம் தாழ்ந்த ஃபியட்

இது கதையில்லை. 1978 மாசி மாதம், பட்டப்பகலில், ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. பேய் என்றால் நடுச்சாமம், புளியமரம், வெள்ளைப் புடவை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நம்ப வைப்பதற்காக நான் எழுதவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு இனி தூங்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் சீவகன். திருவண்ணாமலை போளூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்தேன். எங்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். எறும்பு ஊர்ந்தால் ஒதுங்கி நடப்போம். மாவில் ஒரு கோழி செய்து அதை வெட்டினாலும் கொலைதான் என்று சொல்லி வளர்த்தார்கள். எல்லாம் எனக்கு ஒட்டிக்கொண்டது. கோபம் மட்டும் அடங்கவில்லை. மூக்கு நுனியிலேயே இருக்கும்.

வேடியப்பன் என் நண்பன். கீழ்பென்னாத்தூர் தசரதனிடம் மெக்கானிக்காக இருந்தான். தசரதனுக்கு லாரிகள் ஓடின, ரைஸ் மில் இருந்தது, கூடவே கார் ரேஸ் பைத்தியமும் இருந்தது. மெட்ராஸ் பக்கம் யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம் ஒன்றில் வருஷா வருஷம் கிளப்காரர்கள் ரேஸ் நடத்துவார்கள். வேடியப்பன் ஒரு பழைய ஃபியட்டை எலும்பு எலும்பாகப் பிரித்து, இன்ஜினைக் குடைந்து, ரேஸ் வண்டியாக மாற்றிக் கொடுத்தான். கப் வாங்கியது தசரதன். பேப்பரில் போட்டோ வந்ததும் தசரதனுடையதுதான்.

வேடியப்பனுக்கு ஓட்டுவதில் ஆசை கிடையாது. இடது சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இன்ஜின் சத்தத்தைக் கேட்பான். கியர் மாற்ற வேண்டிய அந்த நொடியில் விரல் கணுவால் டேஷ்போர்டைத் தட்டுவான். டொக் டொக். அவன் தட்டும்போது மாற்றினால் வண்டி பறக்கும். நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்து ஃபியட்டில் முன்கதவுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு முன்பக்கமாகத் திறக்கும். வேகத்தில் காற்று பிடித்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் ரேஸ் ஓட்டுகிறவர்கள் இடது கதவையும் பின்கதவுகளையும் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். வேடியப்பனும் தன் கையாலேயே கட்டியிருந்தான். உள்ளே இருக்கிறவர்கள் இறங்க வலது கதவு ஒன்றுதான் வழி.

1976 கார்த்திகை. நல்ல மழை. ஏரி கரை முட்ட நிறைந்திருந்தது. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அந்த ஃபியட் ஏரிக்குள் போனது. வேடியப்பன் செத்துப்போனான். "குடிச்சிட்டு எங்கிட்ட சொல்லாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்" என்றான் தசரதன். எல்லோரும் தலையாட்டினார்கள். கேஸ் அதோடு முடிந்தது.

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்திருக்கிறாள். பயந்துபோய், வேடியப்பனின் அக்கா பாஞ்சாலையிடம் மட்டும் சொன்னாள்; பாஞ்சாலை என்னிடம் சொன்னாள். வலது கதவைத் திறந்துகொண்டு முதலில் ஏறி வந்தவன் தசரதன். அவனுக்குப் பின்னால் ஒரு கை நீண்டது. தசரதன் திரும்பிப் பார்த்தான். கதவைத் தள்ளிச் சாத்தினான். முதுகை அதில் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் கரையேறிப் போய்விட்டான்.

தை பிறந்ததும் என் பட்டறைக்கு வந்துவிடுவதாக வேடியப்பன் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து எங்களுக்கென்று ஒரு ரேஸ் வண்டி கட்டுவதாக இருந்தோம். அது தசரதன் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏரியில் கிடந்து துருப்பிடித்த அந்த வண்டியைத் தசரதன் பாஞ்சாலைக்கே கொடுத்தான். இரும்புக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னானாம். தருமப் பிரபு! அவள் டிராக்டரில் கட்டி இழுத்துவந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"தம்பி, இத ஓட வெப்பியா?"

"ஓட வெச்சி என்னாக்கா பண்றது?"

"அவன் ஓட்ற ரேசுல நீ இத ஓட்டு."

"ஓட்றேன். அத்தன பேரு எதிர்லயும் அவன முந்திக் காட்றேன்."

"முந்தினா போதுமா?"

தசரதன் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் கட்டாத வண்டியில் வாங்கிய பெயரை, அதே வண்டியை வைத்துப் பிடுங்க வேண்டும். தலை குனிந்து அவன் நடந்து போவதை நான் பார்க்க வேண்டும். ஆனால் அவன் உயிருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. என் கையால் ஒரு உயிர் போகவே கூடாது. இதில் மட்டும் தெளிவாக இருந்தேன்.

நானும் வெல்டர் அருணகிரியும் வேலையை ஆரம்பித்தோம். துருவைச் சுரண்டித் தகடு வைத்து அடித்தோம். சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவினேன். பெரிய கார்பரேட்டர் போட்டோம். ரேஸ் வண்டிக்கு எடைதான் எதிரி. பின்சீட்டு, தரைவிரிப்பு, கதவுக்குள் இருக்கும் அட்டை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தோம். இடது சீட்டையும் எடுத்தேன்.

அருணகிரிக்கு ஒரு கவலை.

"ஆள் தின்ன வண்டிண்ணே. ஒரு கோழி அறுத்துடலாம். இல்லன்னா அதுவா எடுத்துக்கும்."

"எம் பட்டறையில ரத்தம் விழக்கூடாது."

"பூசணிக்காயாவது சுத்தி ஒடைக்கலாம்ல?"

"குங்குமத்தக் கொட்டி செவப்பாக்கி ஒடைக்கிறதும் அதே நெனப்புதான்டா. வேணாம்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஊரில் எந்தப் பட்டறையிலும் காவு கொடுக்காமல் இப்படிப்பட்ட வண்டியைத் தெருவில் இறக்க மாட்டார்கள். நான் இறக்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது, வண்டியின் நிற்பு. இடது பக்கம் தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மாற்றினேன். மறுநாள் காலையில் மறுபடியும் தாழ்ந்திருந்தது. இடமும் வலமும் ஸ்பிரிங்குகளை மாற்றிப் போட்டேன். அப்போதும் இடதுதான்.

எடை பார்க்க, வேர்க்கடலை மூட்டை ஏற்றும் மல்லாட்டை மண்டிக்கு ஓட்டிப் போனோம். எடை மேடையில் ஏற்றிவிட்டு நான் இறங்கினேன். கழற்றிய சாமான்களை எல்லாம் தனியாகப் போட்டு எடை பார்த்து வைத்திருந்தோம். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட அறுபது கிலோ ஜாஸ்தி. மண்டிக்காரர் சிரித்தார்.

"உள்ள யாரயாவது உக்கார வெச்சிருக்கியாப்பா?"

நானும் சிரித்தேன். அருணகிரி மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு ஈரம். இடது சீட்டு இருந்த இடத்தில் தகடு தினமும் காலையில் நனைந்து கிடந்தது. கூரையில் ஒழுகல் இல்லை. வெளியே மழையும் இல்லை. துடைத்த துணியை முகர்ந்தேன். ஏரி வண்டல் வாசனை. துணி மடிப்பில் ஒரு நத்தை... உயிரோடு இருந்தது. அதை எடுத்துப்போய்க் கிணற்றடி ஈரத்தில் விட்டேன்.

பாஞ்சாலை ஒருநாள் பார்க்க வந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். இடது கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"சீட்டு எங்க?"

"வெயிட்டு கம்மி பண்ணணும்க்கா. அதான் எடுத்துட்டேன்."

"அப்ப அவன் எங்க உக்காருவான்?"

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

தை கடைசியில் ஒரு சாயங்காலம் சோதனை ஓட்டம். ஆறு இருபது இருக்கும். ஏரிக்கரை ரோடு காலியாக இருந்தது. அருணகிரி கரையில் நின்றான். நான் மட்டும் வண்டியில்.

கிளப்பினேன். இரண்டாவது கியர். இன்ஜின் உறுமியது.

டொக் டொக்.

ஏதோ தகடு ஆடுகிறது என்று நினைத்தேன். கை தானாக மூன்றாவது கியருக்குப் போனது. வண்டி பாய்ந்தது.

டொக் டொக்.

நான்காவது. இந்த வேகத்தை இந்த வண்டியில் நான் பார்த்ததே இல்லை. உடம்பு முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தோஷமாகவும் இருந்தது. "வேடியா..." என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

எதிரே ஒரு புல்லட் வந்தது. ஹெட்லைட் வெளிச்சத்துக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை. தசரதன்.

டொக் டொக். டொக் டொக். டொக் டொக் டொக் டொக்...

ஸ்டீயரிங் வலது பக்கம் இழுத்தது. அவனை நோக்கி. இரண்டு கையாலும் இடது பக்கம் ஒடித்தேன். அசையவில்லை. பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்ததுபோல் இருந்தது. கத்தினேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன்.

வண்டி சுழன்று கரை ஓரத்தில் நின்றது. இன்ஜின் அணைந்தது. புல்லட் போய்விட்டது.

அமைதி.

இடது ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். ஆவி படிந்திருந்தது. உட்கார்ந்தவன் வாய்க்கு நேராக ஒரு வட்டம்.

உள்பக்கம்.

ஓடிவந்த அருணகிரி உள்ளே கை விட்டு இடது தரையைத் தொட்டான். கையை வெளியே எடுத்தபோது விரல்களில் பாசி. அப்படியே ஊர்ப் பக்கம் நடந்தவன்தான். அதன்பிறகு என் பட்டறைக்கு அவன் வரவேயில்லை.

மறுநாள் பாஞ்சாலையிடம் போனேன்.

"நான் ஓட்டலக்கா. இது அவனக் கொன்னுடும்."

அவள் முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீ ஓட்டலன்னா வேற எவனாவது ஓட்டுவான். அவனுக்கு உன்ன மாதிரி பிரேக் புடிக்கணும்னு தோணாது."

அந்த ஒரு பேச்சில் என்னைக் கட்டிப் போட்டுவிட்டாள். வண்டி அவளுடையது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேறு ஒருத்தன் உட்கார்ந்தால் தசரதன் செத்தான். நான் உட்கார்ந்தால், இழுத்துப் பிடிக்க இரண்டு கையாவது இருக்கும். அதற்காகத்தான் போனேன். அவனைக் காப்பாற்றத்தான் போனேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

ரேஸ் அன்று வெயில் கொளுத்தியது. வண்டிகள் கோட்டில் நின்றன. தசரதன் இந்த வருஷம் ஒரு ஹெரால்டு காரில் வந்திருந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் வந்தான்.

"செத்தவன் வண்டியா? வேற கெடைக்கலியா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஜன்னலில் கையை ஊன்றி உள்ளே குனிந்தான். சிரிப்பு நின்றது. என்னைத் தாண்டி இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கூட... ஆள் ஏத்தக் கூடாதுன்னு ரூல் இருக்குதுல்ல?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை.

"யாரும் இல்லியே" என்றேன்.

அவன் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போய்த் தன் வண்டியில் ஏறினான்.

மூன்று மணிக்குக் கொடி விழுந்தது.

டொக் டொக். டொக் டொக். நான் ஓட்டவில்லை. தட்டிய இடத்தில் கியர் மாற்றினேன், அவ்வளவுதான். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போயிற்று. கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஹெரால்டு மட்டும்.

நீண்ட நேர்கோட்டில் அவனுடைய வலது பக்கம் வந்தேன். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இழுக்கும், இப்போது இழுக்கும் என்று காத்திருந்தேன்.

இழுக்கவில்லை.

வண்டி நூல் பிடித்ததுபோல் போனது. அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில். என் இடது கண்ணாடியும் அவன் முகமும் ஒரு கை தூரத்தில்.

அவன் திரும்பிப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். மறுபடி திரும்பினான்.

அதற்குப் பிறகு அவன் ரோட்டைப் பார்க்கவே இல்லை.

வளைவு வந்தது. நான் திரும்பினேன். ஹெரால்டு திரும்பவில்லை. நேராகப் போனது. மணல் மூட்டைகளில் இடது பக்கம் முழுக்கச் சொருகி நின்றது.

பானெட்டுக்கு அடியில் தீ.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். ஜெயிப்பதாவது, கப்பாவது... எல்லாம் மறந்துவிட்டது. அவன் உயிர் ஒன்றுதான் மனசில் இருந்தது.

அவன் வலது கதவுக்கு உள்ளே இருந்தான். கண்ணாடியை அடித்தான்.

"தொற! தொற!"

நான் கதவைப் பிடித்தேன். இழுத்தேன். பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

திறக்கவில்லை.

சூடு கையைப் பொசுக்கியது. விடவில்லை.

திறக்கவில்லை.

உள்ளே புகை.

அடிப்பது நின்றது.

யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டித் தூக்கி எறிந்தார்கள். அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். இரண்டு கையிலும் கட்டு. தசரதன் புகையில் மூச்சடைத்துச் செத்துவிட்டான் என்றார்கள். உயிரைப் பணயம் வைத்து எதிராளியைக் காப்பாற்றப் பார்த்தவன் என்று கிளப்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். நான் அழுதேன். என்னால் முடியவில்லையே என்றுதான் அழுதேன். பாஞ்சாலை பஸ் பிடித்து வந்தாள். கட்டுப்போட்ட என் கைகளை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தபோது அது நேராக நின்றது. தரை காய்ந்து கிடந்தது. அடுத்த மாதமே பாஞ்சாலை அதை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஊரே நெரிந்தது. பெரிய தெருவில் ஒரு ஆள் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பாசாமி என்று பெயர் சொன்னார். ரேஸில் அந்த வளைவில் கொடி பிடித்தவராம். தீயிலிருந்து என்னைத் தூக்கி எறிந்தவர் அவர்தான்.

நான் கும்பிட்டேன். அவர் திருப்பிக் கும்பிடவில்லை. ஒரு கடையின் ஓரமாக என்னை ஒதுக்கிக்கொண்டு போனார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டேன். ஒன்னு மட்டும் கேக்கறேன்... அவரு மேல உங்களுக்கு அவ்ளோ என்னாங்க கோவம்?"

"என்ன சொல்றீங்க? நான் கதவத் தொறக்கப் பாத்தேன். இழுத்தேன். நீங்களே பாத்தீங்களே?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க இழுக்கலீங்க. அவரு ஒரு தடவ பாதி தொறந்துட்டாரு. நீங்க தள்ளிச் சாத்துனீங்க. அப்புறம் ரெண்டு கையும் விரிச்சி கதவுல வெச்சி, கால ஊனி நின்னீங்க. நான் பிச்சி எடுக்கற வரைக்கும் விடல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பக்கத்துல... வேற யாராவது நின்னாங்களா? ஈரமா... யாராவது?"

"இல்லீங்க. நீங்க மட்டுந்தான்."

கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். தெரு முழுக்க அரோகரா என்று கத்தியது. நான் கடை விளக்கு வெளிச்சத்தில் என் கைகளை விரித்துப் பார்த்தேன். கட்டுப் பிரித்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற கைகள்தான்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தவனுக்கு விரல் மடிப்பில் சுட்டிருக்க வேண்டும்.

என் விரல் மடிப்புகளில் ஒரு வடுவும் இல்லை. வெந்து ஆறிய தோல், இரண்டு உள்ளங்கையிலும், தட்டையாக, முழுசாக இருக்கிறது.